பிரேக் இல்லாத தரை

ஜூன் 3, செவ்வாய்

கால் பயிற்சி சொல்லித்தர வருகிற பொண்ணு ரெஜினா இந்த நோட்டை வாங்கச் சொன்னது. தேதி போட்டு, என் வீட்டுக்காரர் இன்றைக்கு என்ன செய்தார், எத்தனை தடவை செய்தார் என்று எழுதவேண்டுமாம்.

"நான் ஆறாங்கிளாஸும்மா, அதுவும் பாதி" என்றேன்.

"பாதி போதும்க்கா" என்றது.

சரி. இடது கை பத்து தடவை. இடது கால் பத்து தடவை. வலது கை விரல் கொஞ்சம் மடங்கியது. வலது கால் ஒன்றுமில்லை. அவர் என்னைத் திட்டியது ஆறு தடவை. வாய்க்கும் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

நோட்டில் முன்கதையும் இருக்கட்டும் என்று ரெஜினா சொன்னது. என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி. ஐம்பத்தைந்து வயது. வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானலுக்குப் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினார். ஏப்ரல் பதினான்காம் தேதி டிப்போவில் டீ குடிக்கும்போது கிளாஸ் கை நழுவியது. வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சு திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் குழறலோடு. கை கொஞ்சம் வருகிறது. வலது கால்தான் யார் வீட்டுக் காலோ என்று கிடக்கிறது.

ஜூலை 24 அன்று மதுரையில் டாக்டர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். காலால் மிதி என்பார்கள். சொன்னபடி கால் கேட்டால் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பார்கள். கேட்காவிட்டால் வீடுதான்.

"வீட்ல இருந்தா நல்லதுதான, பூண்டு உரிக்க ஆள் கிடைக்கும்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியதை ஒரு தடவை என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் சுகன்யா கோயம்புத்தூரில் இருந்து வந்தாள். பலகை மாதிரி ஒரு பெரிய போன் கொண்டுவந்தாள். அதில் அவருக்கு ஒரு விளையாட்டு போட்டுக் கொடுத்தாள். படுத்துக்கொண்டு மோட்டு வளையையே பார்த்தால் மூளை துருப்பிடிக்குமாம்.

விளையாட்டில் ஒரு குட்டையன் இருக்கிறான். கையில் விளக்கு. ஒரு பழைய கோட்டைக்குள் மாட்டிக்கொண்டான். அறை அறையாகத் தாண்டி வெளியே போகவேண்டும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. தரைதான் அவனுக்கு எதிரி. அம்புக்குறி போட்ட கல்லில் கால் வைத்தால், அம்பு காட்டுகிற பக்கம் தரையே அவனைத் தூக்கிக்கொண்டு போய் விடும். நீலமாய்க் கண்ணாடி போல ஒரு கல் இருக்கிறது. அது இன்னும் மோசம். அதில் ஏறினால் ஒரு சுவரோ தூணோ தடுக்கிற வரைக்கும் வழுக்கிக்கொண்டே போவான். நடுவில் பள்ளம் இருந்தால் பள்ளத்துக்குள் போவான். விரலால் இழுத்தால் நடக்கிறான். ஆனால் கல்லில் ஏறிவிட்டால் நம் விரலுக்கு மரியாதை இல்லை.

"இதுல என்ன இருக்கு. நம்ம கையில ஒண்ணுமே இல்ல" என்றார் அவர்.

"அதான் புதிர்ப்பா. கல் எங்க கொண்டுபோய் விடும்னு முன்னாடியே யோசிக்கணும்" என்றாள் சுகன்யா.

போகும்போது வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள். "என்னம்மா இப்படி ஆயிட்ட" என்றாள். ஜாக்கெட் தொளதொள என்று இருப்பதைப் பார்த்திருப்பாள். டெய்லர் பெரிசாகத் தைத்துவிட்டான் என்று சொன்னேன். போன வருஷம் தைத்த ஜாக்கெட்.

ஜூன் 12, வியாழன்

இடது கை பத்து. இடது கால் பத்து. வலது கால் இல்லை.

குட்டையன் ஒன்பதாவது அறையில் பதினோரு தடவை செத்தான். அந்த அறையில் ஓர் ஒடுங்கிய பாதை. எதிரே ஓர் உருண்டைப் பாறை அம்புக்கல் மேல் ஏறி வருகிறது. பாறை வருவதற்குள் முந்திக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிட வேண்டும். எனக்கே தெரிகிறது. இவர் ஒவ்வொரு தடவையும் பாறையைப் பார்த்ததும் பின்னால் ஒதுங்குகிறார். பின்னால் இருக்கிற அம்புக்கல் குட்டையனைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போடுகிறது.

"ஏங்க, முன்னாடி போங்களேன்."

"மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும்."

"அது பாறைங்க."

"எதுவா இருந்தா என்ன. ஏறி வருதுல்ல."

பதினோராவது தடவைக்கு நான் சிரித்துவிட்டேன். அவரும் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். டிப்போவில் விழுந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

ரசத்தில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலையில் அவரை உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, காலுக்குப் போர்வை போட்டு, பெரிய போனை மடியில் வைத்தேன். நான் கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போர்வை அசைந்தது. பூனை உள்ளே போயிருக்கும் என்று தூக்கிப் பார்த்தேன். பூனை இல்லை. அவர் கால் மட்டும் கிடந்தது. போர்வையை மூடவில்லை. மடித்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

குட்டையன் நீலக்கல்லில் ஏறினான். வழுக்கினான். பள்ளம் பக்கத்தில் வந்தது. அவருடைய வலது கால் மிதித்தது.

கட்டை விரல் முன்னால் நீண்டது, குதிகால் மெத்தையில் அழுந்தியது, முழங்காலில் ஒரு நரம்பு எழுந்தது. குட்டையன் பள்ளத்தில் விழுந்ததும் கால் தளர்ந்தது. திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார். வழுக்கினான். மிதித்தார்.

பிரேக் போடுகிறார். பத்தொன்பது வருஷம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய கால். வழுக்கினால் மிதிக்கவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவருக்கே தெரியவில்லை. கண் போனில் இருந்தது.

சொன்னால் நின்றுபோகுமோ என்று பயம். அடுக்களைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் மிளகாய்த்தூள் பட்டிருந்தது.

வலது கால்: நான்கு தடவை.

ஜூன் 18, புதன்

ரெஜினாவிடம் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். உள்ளே வந்து அவர் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என் கையை மிதிங்க" என்றது. முகம் சிவக்க முயற்சி செய்தார். ஒன்றுமில்லை. "விளையாடுங்கண்ணே" என்றது. வழுக்குகிற அறை வந்ததும் மிதித்தார். ரெஜினா கை பின்னால் போனது.

"இது தானா வர்ற அசைவுக்கா. நரம்பு வழி அடைபட்டுப் போகலன்னு காட்டுது. ஆனா நாம சொல்லி வரணும். சொல்லாம வர்றதை மதுரையில கணக்குல எடுக்க மாட்டாங்க."

"தானா வர்ற மாப்பிள்ளையை வேணாம்னு சொல்றீகளே" என்றேன்.

ரெஜினா சிரித்தது. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பையைப் பார்ப்பது போல.

ஜூன் 21, சனி

தினமும் நீலக்கல் அறைகள்தான். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வலது கால் இருபத்திரண்டு தடவை.

அவரோடு பத்து வருஷம் கண்டக்டராக இருந்த மொக்கச்சாமி வந்தார். வாழைப்பழம் கொண்டுவந்தார். பெரிய போனை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, குட்டையன் டிக்கெட் எடுத்தானா?"

"உன்ன மாதிரி கண்டக்டர் இருந்தா எங்க எடுப்பான்" என்றார் இவர். குழறல் இல்லாமல் வந்தது முழு வாக்கியமும்.

"மதினி, அண்ணனை விட நீங்கதான் மெலிஞ்சு போயிட்டீக" என்றார் மொக்கச்சாமி.

"ஆமா கொழுந்தனாரே, அழகு கூடுதுன்னு ஊர்ல பேசிக்கிறாக" என்றேன். பிறகு பேச்சு வேறு பக்கம் போனது.

ஜூன் 26, வியாழன்

வலது கால் பதினொன்று. எண்ணியதில் தப்பு இருக்கலாம். எண்ணும்போது தூங்கிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

வலது கால் இரண்டு.

ஜூலை 4, வெள்ளி

வலது கால் இல்லை. நேற்றும் இல்லை.

நரம்பு திரும்பப் படுத்துவிட்டதோ என்று ரெஜினாவுக்குப் போன் போட்டேன். ரெஜினா வந்து தட்டிப் பார்த்தது, கீறிப் பார்த்தது. "மோசமாகலக்கா" என்றது. பின்னே ஏன் நின்றது என்று அதற்கும் தெரியவில்லை.

மதியம் அவர் விளையாடுவதை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அவர் தேறிவிட்டார். முன்பெல்லாம் நீலக்கல் என்றால் பதறுவார். இப்போது ஏறுவதற்கு முன்னால் அறையை முழுக்கப் பார்க்கிறார். இந்த அம்புக்கல் இடது பக்கம் தள்ளும், அங்கே தூண் தடுக்கும், தூணில் இருந்து கீழே வழுக்கினால் நேராக வாசல். கணக்கு போட்டுவிட்டு விடுகிறார். குட்டையன் வழுக்கும்போது இவர் வாழைப்பழம் உரிக்கிறார்.

"பிரேக் இல்லாத வண்டி. மிதிச்சு என்ன ஆகப்போகுது" என்றார். "போற இடம் தெரிஞ்சா பயம் எதுக்கு."

பெருமையாகச் சொன்னார். நானும் "கெட்டிக்காரர்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது. இன்னும் இருபது நாள் இருக்கிறது.

ஜூலை 5, சனி

சுகன்யாவுக்குப் போன் போட்டு வேறு விளையாட்டு உண்டா என்று கேட்டேன். கார் ஓட்டுகிறது ஒன்று போட்டாள். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, "இதுல எவனும் ஹாரன் அடிக்க மாட்டேங்குறான், இது ரோடா" என்று தூக்கிப் போட்டார். வலது கால் இல்லை.

ஜூலை 7, திங்கள்

கல்யாணமான புதுசில் ஒரு தடவை கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது இவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் வேறு டிரைவர் ஓட்டினது. ஊர் போய்ச் சேரும்வரை இவர் சீட்டில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டே வந்தார். என் செருப்பு அறுந்ததே அன்றைக்குத்தான். பாத்திரம் கழுவும்போது அது நினைவு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேரே போனேன்.

"போனைக் குடுங்க. நான் விளையாடுறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு விரல் இல்லையா?"

அவர் பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் பார்க்கிறபடி போனை நடுவில் வைத்தேன். முதல் நீலக்கல்லிலேயே குட்டையனை நேராகப் பள்ளத்துக்கு விட்டேன்.

"ஏய் ஏய், இந்தா, அங்கிட்டு இல்ல."

"எங்கிட்டு?"

"தூணுக்கு. தூணைப் பிடி. பள்ளம் தெரியலையா உனக்கு? பிடி, பிடி."

போர்வைக்கு அடியில் கால் மிதித்தது. தன் கையில் வண்டி இருந்தால் இவருக்குப் பயம் போய்விட்டது. என் கையில் இருந்தால் போகவே போகாது.

வலது கால்: பதினேழு. திட்டியது: எண்ணவில்லை.

ஜூலை 10, வியாழன்

எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டுவிட்டது. முன்னாலேயே யோசித்தால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. அதனால் விழுவதற்குத்தான் இப்போது யோசிக்கவேண்டியிருக்கிறது. ஒரே பள்ளத்தில் விழுந்தால் அவருக்குப் பழகிவிடும். வாசல் வரைக்கும் ஒழுங்காகப் போய்க் கடைசிக் கல்லில் தப்பான அம்பில் கால் வைத்தால் மிதி பலமாக விழுகிறது.

ரெஜினா ஒன்று சொல்லிக்கொடுத்தது. குட்டையன் வழுக்கும்போது "மிதிங்க" என்று நானும் சேர்ந்து சொல்லவேண்டுமாம். சொல்லும் மிதியும் ஒன்றாக வந்து வந்து, பிறகு சொல்லுக்கே மிதி வரலாமாம். வரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்றது. நானும் கல்லுக்குக் கல் கத்துகிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

வலது கால் முப்பது. சொல்லி மட்டும்: இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லி: இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லி: இல்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது என் தோள் சுளுக்கிக்கொண்டது. தைலம் தேய்த்தேன். அவருக்குத் தேய்க்கிற தைலம்தான், மீதி இருந்தது.

ஜூலை 19, சனி

ரேஷன் கடை வரிசையில் மயக்கம் போட்டு விழுந்தேன் என்று மொக்கச்சாமியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் எல்லாம் இல்லை. உட்காரவேண்டும் போல இருந்தது, கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன்.

வலது கால் இருபத்தைந்து. சொல்லி: இல்லை.

ஜூலை 23, புதன்

நாளைக்கு மதுரை. வேட்டி, சட்டை எடுத்து வைத்தேன். மாலையில் கடைசியாக ஒரு ஆட்டம்.

பள்ளத்தில் விழுந்து திரும்ப ஆரம்பிக்கும்போது அவர் கேட்டார்.

"நீ வேணும்னுதான விழுகுற?"

"எனக்கு வரலைங்க."

"மூணாம் நாளே தூணைக் கண்டுபிடிச்சிட்ட. உன் விரல் முதல்ல சரியான கல்லுக்குப் போகுது, அப்புறம் திரும்புது. பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

தெரிந்துவிட்டால் மிதி நின்றுவிடுமே என்றுதான் தோன்றியது.

"விழு" என்றார். "தெரிஞ்சாலும் கால் கேக்க மாட்டேங்குது, அதுபாட்டுக்கு மிதிக்குது. நீ விழு."

விழுந்தேன். எட்டு தடவை.

ஜூலை 24, வியாழன்

மொக்கச்சாமி தன் மச்சான் காரைக் கொண்டுவந்தார். மதுரையில் என்னை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "மிதிங்க" என்று உள்ளே ஓர் ஆள் சொல்வது கேட்டது. திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். பெஞ்சில் என் கால்தான் மிதித்தது.

சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். அக்டோபரில் இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அதுதான் கடைசி.

திரும்பும்போது முன்சீட்டில் அவரை உட்காரவைத்து பெல்ட் போட்டோம். மொக்கச்சாமிக்கு விசில் ஊதித்தான் பழக்கம், லைசென்ஸ் எடுத்தே ஆறு மாதம்தான் ஆகிறது. லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறார், ஸ்பீடு பிரேக்கரில் பறக்கிறார். இவர் வலது காலால் கார் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். வத்தலக்குண்டு வருகிற வரைக்கும் அந்தத் தரை சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இதை அங்க மிதிச்சிருந்தா என்ன" என்றார் மொக்கச்சாமி.

"நீ போய் அங்க வண்டி ஓட்டியிருக்கணும்" என்றார் இவர்.

மூன்று பேரும் சிரித்தோம்.

ஜூலை 25, வெள்ளி

எதுவும் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ரெஜினா வந்தது. அக்டோபருக்குள் எத்தனையோ நாள் இருக்கிறது என்றது. இடது கை பத்து. இடது கால் பத்து. போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. போடவேண்டும். எழுந்து போய்ப் போடவேண்டும் என்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

காலை பத்து மணி இருக்கும். பெரிய போனை உள் அறையில் சார்ஜில் போட்டேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவர் வலது பக்கம் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினேன். எத்தனை காய் நறுக்கினேன் என்று தெரியவில்லை. நாற்காலிக் காலில் தலை சாய்ந்திருக்கவேண்டும்.

தோளில் ஏதோ இடித்தது. கண்ணைத் திறந்தேன். வீடெல்லாம் பால் தீய்ந்த வாசம்.

"எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். பால் பொங்கிருச்சு" என்றார்.

"எதால இடிச்சீக?"

அவர் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். இடது கால் அந்தப் பக்கம் தரையில் செருப்போடு இருந்தது. வலது கால் என் பக்கமாக நீண்டு தோளுக்கு விரல்கடை தூரத்தில் இருந்தது. போன் இல்லை, குட்டையன் இல்லை, நீலக்கல் இல்லை. என்னை எழுப்பவேண்டும் என்று நினைத்திருக்கிறார், கால் வந்திருக்கிறது.

அவர் முகம் மாறிவிட்டது. கால் அசைந்ததற்கு இல்லை. பெண்டாட்டி மேல் கால் பட்டுவிட்டதே என்று. முப்பது வருஷத்தில் கோபத்தில்கூட அவர் கால் என் மேல் பட்டதில்லை. குனிந்து இடது கையால் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெரியாம பட்டிருச்சு தவமணி."

"தெரிஞ்சு படட்டும்" என்றேன். "இன்னொரு தடவை மிதிங்க."

"பால் தீயுது பாரு."

"தீயட்டும். மிதிங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தோளைக் கிட்டத்தில் கொண்டுபோனேன், சுளுக்கு இல்லாத தோளை. மிதிங்க என்று இன்னொரு தடவை சொன்னேன், டாக்டர் மாதிரி, சத்தமாக. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் ஆனது. பால் கருகிப் புகை வந்தது.

மிதித்தார்.

சொல்லி: ஒன்று. வலிக்கிற அளவுக்கு இல்லை. அக்டோபருக்குள் வலிக்கும்.